வளைவில் நிற்க ஒரு ஆள்

பிரேக்கே இல்லாத பைக்கில் மண்தடத்தைச் சுற்றும் பந்தயம் ஓட்ட, அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்து போனவன் வெஸ்லி. ஒருநாள் மழையில் தடம் சேறாகிவிட்டது. போன வாரம்தான் அங்கே ஒருவன் சறுக்கி இடுப்பொடிந்து போயிருந்தான். கூடிய கூட்டத்தைத் திருப்பி அனுப்ப, அணியின் முதலாளி ஹார்கிரேவுக்கு மனமில்லை. மைக்கைப் பிடித்து ஊர் கேட்க முழங்கினார்:

"தடம் பிரமாதமா இருக்கு. வெஸ்லி, ஓட்டுடா!"

"ஓட்டுறேன் முதலாளி. நீங்களே அந்த வளைவுல நின்னு கொடி காட்டுங்க. சனங்க சந்தோஷப்படுவாங்க."

"பைத்தியமா உனக்கு? இந்தச் சேத்துல வழுக்கி என் மேல ஏறிட்டா?"

அணைக்காத மைக் அதையும் முழங்கியது. அரங்கமே சிரித்தது. பந்தயம் ரத்து.

மறுவாரம் அணியில் வெஸ்லி இல்லை. கேட்டவர்களிடம் முதலாளி உதட்டைப் பிதுக்கினார்:

"சரியான பயந்தாங்கொள்ளி."