தலை நனையாத முழுக்கு

"தலை நனையாம முழுக்கு எடுக்க முடியுமா, பாஸ்டர்?"

கேட்டவள் எர்னஸ்டீன். வயது ஐம்பத்திரண்டு. அலபாமாவில் ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில், கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் துணைத் தலைமையாசிரியை. கேள்வி கேட்டால் உடனே பதில் வந்து பழகியவள்.

பாஸ்டர் கியானாவுக்கு முப்பத்தொன்று. ஆலயப் படியில் உட்கார்ந்து அவித்த வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"முடியாது," என்றாள்.

"ஏன் முடியாது? பாவம் இதயத்தில இருக்கா, தலையில இருக்கா?"

"இதயத்தில."

"அப்ப இதயம் வரைக்கும் முங்கினாப் போதாதா?"

கியானா ஒரு கடலையை வாயில் போட்டாள். "பாதிக் கணக்கு போட்ட பிள்ளைக்கு நீங்க முழு மார்க் குடுத்திருக்கீங்களா, மிஸ் எர்னஸ்டீன்?"

எர்னஸ்டீன் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"குழந்தையில எனக்குத் தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் குடுத்தாங்க," என்றாள். "அது எங்கம்மா எடுத்த முடிவு. இது நான் எடுக்கற முடிவு. எடுக்காம விடமாட்டேன். ஆனா தலை நனையக் கூடாது."

விஷயம் இதுதான்.

எர்னஸ்டீனின் முடி பிறவியிலேயே சுருள் சுருளாக நெருங்கி, தலையைச் சுற்றி எழும்பி நிற்கிற முடி. அவளுக்குப் பதினோரு வயதானதற்குப் பிறகு வெளியாள் ஒருவரும் அதைப் பார்த்ததில்லை. சனிக்கிழமைதோறும் அவள் அம்மா இரும்புச் சீப்பை அடுப்பில் காய்ச்சி, எண்ணெய் தடவின முடியில் வைத்துச் சுருள் நிமிர இழுப்பாள். காது சுடும். அழுதால், "இந்தத் தலையோடயா ஆண்டவர் வீட்டுக்குள்ள நுழைவ?" என்பாள்.

அந்தத் தலையைக் கொடுத்ததே ஆண்டவர்தான் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொள்ள ஒரு நாடே வேலை செய்துகொண்டிருந்தது.

அம்மா போய்ச் சேர்ந்தாள். சீப்பு மகள் கைக்கு வந்தது.

இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்து செத்துப்போன கணவன்கூட மனைவியின் சொந்த முடியைக் கண்டதில்லை. அவன் கண் விழிக்கும் முன்பே அவள் எழுந்துவிடுவாள்.

இப்படிக் காய்ச்சி நீட்டிய முடிக்கு ஒரே சத்துரு தண்ணீர். நனைந்ததோ, பழைய சுருளுக்கே திரும்பிவிடும்.

முழுக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆற்றில். கரை நெடுக ஊரே நிற்கும். அவள் பள்ளிப் பெண்பிள்ளைகளும் நிற்பார்கள். அவர்களில் பலரை, தலை சரியில்லை என்று வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவள் அவள். குளித்துச் சீவி, எண்ணெய் பூசி வந்த தலைகள்தான். படியவில்லை, அவ்வளவுதான் குற்றம். பள்ளி விதியில் அதற்குப் பெயர் 'கலைந்த தலை'.

"உன்னையும்... உங்களையும் மூணு தடவை அனுப்பியிருக்கேன், பாஸ்டர். ஞாபகம் இருக்கா?"

"நாலு."

கியானாவின் முடி இன்றைக்கும் அப்படியேதான் நின்றது, அகலமாக, யாருக்கும் வழிவிடாமல்.

"நாலாவது, பரீட்சை அன்னிக்கு," என்றாள் கியானா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எர்னஸ்டீனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் எழுதின விதி இல்ல அது."

"தெரியும்."

"நாளைக்கு நீங்கெல்லாம் வேலைக்குப் போகணும். இன்டர்வியூவில வெள்ளைக்காரன் முதல்ல பாக்கறதே தலையத்தான். உங்க நல்லதுக்குன்னுதான் நான்..."

"தெரியும், மிஸ் எர்னஸ்டீன்."

சண்டை போட வந்தவளிடம் ஒத்துக்கொண்டே போனால் அவள் என்னதான் செய்வாள்?

எர்னஸ்டீன் எழுந்தாள். "குளிக்கும்போது மாட்டற பிளாஸ்டிக் தொப்பி இருக்கு. அதைப் போட்டு, மேல வெள்ளைத் துணி கட்டிக்கறேன். தலை முங்கின மாதிரியும் ஆச்சு, முடி நனையாத மாதிரியும் ஆச்சு. கூடாதுன்னு வேதத்தில எங்கயாவது இருக்கா?"

"இல்ல."

"அப்ப போட்டுக்கலாமா?"

"போட்டுட்டு வாங்க."

வாதத்தில் ஜெயித்துவிட்டாள். வீடு போய்ச் சேரும்வரை ஜெயித்த மாதிரியே இல்லை.

ஞாயிறு காலை. ஆறு பழுப்பாக ஓடியது. கரையில் பாட்டு.

கரையோரம் துவாலைகளோடு சிஸ்டர் விவியன் நின்றாள். முழுக்கெடுத்து ஏறும் பெண்களின் தலையை யாரும் பார்க்கும் முன் மூடிவிடுவது அவள் ஊழியம். முப்பது வருஷமாக அதில் ஒரு பிசகு வந்ததில்லை.

இடுப்பளவுத் தண்ணீரில் கியானா காத்திருந்தாள். எர்னஸ்டீன் வந்து நின்றதும் ஒரு கையால் அவள் முதுகைத் தாங்கினாள். இன்னொரு கையால், அவள் நெஞ்சின்மேல் கட்டியிருந்த கைகளைப் பிடித்தாள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னாள். மெல்லப் பின்னால் சாய்த்தாள்.

முதுகு முங்கியது. தோள் முங்கியது.

தலை முங்கவில்லை.

தொப்பிக்குள் காற்று. துணிக்கட்டோடு சேர்ந்து தலை பந்து மாதிரி மேலேயே நின்றது.

கியானா அவளை நிமிர்த்தி மறுபடியும் சாய்த்தாள். மறுபடியும் பந்து.

கரையில் யாரோ இருமினார்கள். எது இருமல், எது சிரிப்பு என்று ஒரு துணைத் தலைமையாசிரியைக்குத் தெரியாதா?

"அமுக்குங்க," என்றாள் எர்னஸ்டீன், பல்லைக் கடித்தபடி.

"மாட்டேன்."

"லேசா ஒரு அமுக்கு போதும், பாஸ்டர். ஊரே பாக்குது."

"உங்க கையைப் பிடிச்சுக்கறேன். முதுகைத் தாங்கறேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் இந்தத் தண்ணியில நிக்கறேன். தலையை மட்டும் அமுக்க மாட்டேன்."

"ஏன்?"

கியானா எர்னஸ்டீனின் வலது கையை எடுத்தாள். தண்ணீர் சொட்டச் சொட்டத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

மனசுக்கு முன்னால் உள்ளங்கைக்கு ஞாபகம் வந்தது.

பள்ளி அலுவலக அறை. பதினைந்து வயதுப் பெண். "இதை அடக்கிட்டு வா" என்று சொல்லி அந்தத் தலையில் வைத்து அழுத்திய கை. அழுத்த அழுத்த, கைக்கடியில் எழும்பி எழும்பி வந்த முடி.

இப்போதும் எழும்பியது. கொஞ்சமும் மாறவில்லை. இவ்வளவு மிருதுவாகவா இருந்தது?

எர்னஸ்டீன் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. கரையில் பாட்டு இரண்டாவது தடவையாக முதல் அடிக்குத் திரும்பியது.

பிறகு கையை எடுத்தாள். துணியை அவிழ்த்தாள். தொப்பியைக் கழற்றினாள். இரண்டையும் ஆறு கொண்டுபோயிற்று.

"இப்ப," என்றாள்.

கியானா முதுகைத் தாங்கினாள். எர்னஸ்டீன் தானே சாய்ந்தாள். காது முங்கியது, நெற்றி முங்கியது, முழுக்க முங்கினாள்.

எழுந்தபோது, தோளில் கிடந்த முடி சுருண்டு சுருண்டு காதுவரை ஏறிவிட்டிருந்தது.

பாட்டு நின்றுபோனது.

அவள் யார் கையையும் பிடிக்காமல் கரைக்கு நடந்தாள். சிஸ்டர் விவியன் துவாலையை விரித்துக்கொண்டு, செருப்போடு தண்ணீருக்குள்ளேயே ஓடி வந்தாள்.

"மூடிக்கோ, எர்னஸ்டீன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் பாக்குதுங்க. சீக்கிரம் மூடிக்கோ."

எர்னஸ்டீன் துவாலையை வாங்கி முகத்தைத் துடைத்தாள். மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எதை?" என்றாள்.