குப்பைமேட்டுக்குப் போன ஆறு தொட்டிகள்

எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் கொன்றை நாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் கவிதை எழுதுவான். எழுதினால்கூடப் பரவாயில்லை, தினமும் சபையில் வாசிப்பான்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. வாடியது, வதங்கியது, கிழிந்தது எதுவும் ராஜா கண்ணில் படக்கூடாது. வாடின பூவை உடனே அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கொட்டாவி விடுகிற சபையோரைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைப்பார்கள். பாவம் ராஜா, தன் கவிதைக்குக் கொட்டாவி விட்ட ஒருவரையும் அவன் பார்த்ததே இல்லை.

ஒருநாள் ஆஸ்தானப் புலவர் திருமேனியார் சபைக்கு ஓடிவந்தார். “மகாராஜா! தங்கள் கவிதையைக் கேட்டு நந்தவனத்து அவரைக்கொடி ஒரே வாரத்தில் பந்தல் ஏறிவிட்டது!”

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. “இந்த அதிசயத்தை நம் பாடசாலையில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யட்டும்!” என்று ஆணை போட்டான்.

பாடசாலையை நடத்தியவள் அஞ்சுகம். மனப்பாடம் என்றாலே அவளுக்கு ஆகாது. நட்டுப் பார், அளந்து பார், அப்புறம் சொல் என்பாள். ஆணையைப் படித்ததும் பிள்ளைகள் கேட்டார்கள்: “கவிதை கேட்காத கொடி எவ்வளவு வளர்ந்ததாம் அம்மா?” நல்ல கேள்வியாயிற்றே என்று அதை ஆணைக்குக் கீழேயே எழுதித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

திருமேனியார் இதற்குத்தான் காத்திருந்தார். அந்தப் பாடசாலை முன்பு அவர் கையில் இருந்தது. அவர் பிரம்புக்குப் பயந்து பிள்ளைகள் ஓடியதால்தான் அது அஞ்சுகத்திடம் போனது. “பார்த்தீர்களா மகாராஜா! தங்கள் வாக்கையே சந்தேகப்படச் சொல்லிக்கொடுக்கிறாள்!”

ராஜா அவளை அழைத்தான். “சரி, சோதித்துவிடலாம். இருபது நாள். பத்துத் தொட்டிக்குப் புலவர் என் கவிதையை வாசிக்கட்டும். உன் பத்துத் தொட்டிக்கு வேண்டாம். கவிதை ஜெயித்தால் பாடசாலைச் சாவியைப் புலவரிடம் கொடுத்துவிடு.”

அஞ்சுகத்திடம் படித்தவர்களில் பாதிப்பேர் தோட்டக்காரர், குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளைகள். புலவர் அவர்களை வாசல்படி ஏறவிடமாட்டார். ஆனாலும் ஒப்புக்கொண்டாள்.

ஒரே விதை, ஒரே மண், ஒரே அளவு தண்ணீர். நடுவில் ஒரு சுவர் மட்டும். பிள்ளைகள் ஒவ்வொரு தொட்டியிலும் சுண்ணாம்பால் எண் போட்டு, தினமும் கொடியை விரற்கடையால் அளந்து ஓலையில் குறித்தார்கள்.

இருபதாம் நாள் சபை கூடியது. அஞ்சுகம் பத்துத் தொட்டிகளை வைத்தாள். சில நெட்டை, சில குட்டை. புலவர் பக்கம் நாலே தொட்டிகள், நாலும் தளதளவென்று நின்றன.

“மற்ற ஆறும் எங்கே புலவரே?” என்றாள்.

“அவை சவலையாக நின்றன. அரண்மனை வழக்கப்படி பத்தாம் நாளே அப்புறப்படுத்திவிட்டேன். அதெல்லாம் மகாராஜா கண்ணில் படலாமா?”

ராஜா தலையாட்டினான். “நியாயம்தான். புலவர் பக்கம் சராசரி பதினெட்டு விரற்கடை. உன் பக்கம் பதிமூன்று. சாவியைக் கொடு, அஞ்சுகம்.”

இடுப்பில் இருந்த சாவியை அவள் கை இறுகப் பிடித்துக்கொண்டது. “தருகிறேன் மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். என் தொட்டிகளும் அரண்மனைத் தொட்டிகள்தானே? அந்த வழக்கம் இவற்றுக்கும் உண்டா?”

“உண்டுதான்.”

அஞ்சுகமும் பிள்ளைகளும் ஒவ்வொரு தொட்டியாக வெளியே தூக்கிப் போனார்கள். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. இருப்பதிலேயே நெட்டை.

“இப்போது என் சராசரி இருபத்தொரு விரற்கடை மகாராஜா.”

திருமேனியார் துள்ளிக் குதித்தார். “அக்கிரமம்! ஒன்பதை ஒளித்துவைத்துவிட்டு ஒன்றைக் காட்டினால் அது சோதனையா? சுத்தப் பித்தலாட்டம்!”

ராஜா மெல்ல அவர் பக்கம் திரும்பினான்.

“ஒன்பதை ஒளித்தால் பித்தலாட்டம். ஆறை ஒளித்தால் அதற்கு என்ன பெயர் புலவரே?”

அஞ்சுகம் ஓலையை நீட்டினாள். “அந்த ஆறும் லாயத்துக்குப் பின்னால் குப்பைமேட்டில் கிடந்தன. எண் போட்ட தொட்டிகளாயிற்றே, பிள்ளைகள் அங்கேயும் போய் அளந்தார்கள். ஆனால் அவை குப்பைக்குப் போகுமுன் எடுத்த பத்தாம் நாள் கணக்கைப் பாருங்கள். எதையும் கழிக்காமல் பார்த்தால் இரண்டு பக்கமும் சராசரி ஒன்பது. கவிதையால் கொடி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.”

ஆறு தொட்டிகளையும் கொண்டுவந்தார்கள். குப்பைமேட்டில் கிடந்த சவலைகள் இருபத்தைந்து விரற்கடைக்கு வளர்ந்து, கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தன!

ராஜாவின் முகம் தொங்கிவிட்டது. “அப்படியானால்... என் கவிதையை நிறுத்தியதும்தான் வளர்ந்தனவா?”

சபையே சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தது. அஞ்சுகத்துக்கு அவன்மேல் இரக்கமாகிவிட்டது.

“அவசரப்படாதீர்கள் மகாராஜா. கவிதை நின்றது. கூடவே சாணமும் கிடைத்தது, வெயிலும் கூடியது. மூன்றும் ஒரே நாளில் மாறியிருக்கின்றன. எதனால் வளர்ந்தது என்று இந்த ஓலையை வைத்துச் சொல்லமுடியாது. மறுபடி நட்டுத்தான் பார்க்கவேண்டும்.”

ராஜாவுக்கு மூச்சு வந்தது. “என்னை மட்டம் தட்ட நல்ல வாய்ப்பு. அப்போதுகூடத் தெரியாததைத் தெரியாது என்கிறாய். சாவி உன்னிடமே இருக்கட்டும். நந்தவனத்தில் பாதியும் இனிப் பாடசாலைக்கு. சாணம் சுமப்பது புலவர் வேலை. பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஓலையில் குறிப்பதும் அவர்தான். இன்றோடு அந்தப் பழைய வழக்கமும் ஒழிந்தது!”

மறுநாள் சபையில் தூணுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. சபையோர் நாற்பது பேரும் எதிரே உட்கார்ந்தார்கள். ராஜா தன் கவிதையை முழுசாக வாசித்து முடித்தான். ஓரத்தில் பிள்ளைகள் எண்ணினார்கள், திருமேனியார் குறித்தார்.

“கொட்டாவி விட்டவர் எத்தனை பேர்?”

“முப்பத்தாறு, மகாராஜா.”

“மிச்சம் நாலு பேர்?” ராஜாவின் குரலில் கொஞ்சம் ஆசை தெரிந்தது.

புலவர் எழுத்தாணியை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “அவர்கள் தாங்கள் ஆரம்பிக்கும் முன்பே தூங்கிவிட்டார்கள். அந்த நாலு பேரைக் கழித்துவிடட்டுமா?”

ராஜா அஞ்சுகத்தைப் பார்த்தான்.

“வேண்டாம்,” என்று பெருமூச்சு விட்டான் ராஜா. “கழிக்காதீர், எழுதும்.”

அதற்கு மறுநாள் அவன் வாசித்த கவிதை நாலே வரி. கொட்டாவி, ஓலைக் கணக்குப்படி, ஒன்பது.