இருட்டைப் பார்க்கும் பைனாகுலர்

இருட்டிக் கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. யாரோ ரம்பத்தால் மரம் அறுக்கிற மாதிரி, இழுத்து இழுத்து. நின்றது. மறுபடியும் அறுத்தது.

ஜெசிந்தா குழந்தை இவாவை மடியோடு இறுக்கிக்கொண்டாள். மலைமேல் இருந்த அந்தத் தியான ஆசிரமத்தில் கடைசிக் குடில் அவளுடையது. அதற்கப்பால் வேலி. வேலிக்கப்பால் காடு. கணவன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து ஊரில் தனியாகத் தூங்க முடியாமல், மனசு அடங்கக் கற்றுக்கொள்ளலாம் என்று, அங்கே தியானம் சொல்லித்தரும் மதர் ஸ்கொலஸ்திகாவைத் தேடி வந்தவள். வந்த இடத்தில் இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போயிற்று.

மதருக்கு அவளைவிட ஓரிரு வயதுதான் கூடுதல். கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துப்போக அப்போதுதான் வந்திருந்தார்.

"கேட்டீங்களா மதர்?"

"கேட்டுச்சு."

"சிறுத்தையா?"

"இருக்கலாம்."

"வேற ஏதாவதா?"

"அதுவும் இருக்கலாம்."

ஜெசிந்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "இந்தப் பயம் எப்பத்தான் மதர் போகும்? நீங்க சொல்லிக் குடுத்த ஜெபமெல்லாம் பண்ணிப் பார்த்தேன். கண்ணை மூடினா இவாவை ஏதோ தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்கு."

மதர் குனிந்தார். கட்டிலுக்கடியில் கிடந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தார்.

"அது என்ன?"

"அவர் அனுப்பி வச்சது. டிஜிட்டல் பைனாகுலர். இருட்டுலயும் தெரியுமாம், போட்டோவும் எடுக்குமாம். இன்னைக்குத்தான் சார்ஜ் போட்டேன்."

"அப்ப எடேன். வர்றது என்னன்னு தெரிஞ்சுட்டா பயம் போயிடுமோ என்னமோ."

ஜெசிந்தாவுக்கு உயிர் வந்தது. இவாவைப் பாயில் இறக்கிவிட்டாள். இவா தவழப் பழகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பிளாஸ்டிக் கரண்டி ஒன்றைக் கொடுத்தால் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டு கிடப்பாள்.

பைனாகுலரின் கண்ணாடிமேல் ஒட்டியிருந்த தாளை ஜெசிந்தா உரித்தாள். மெமரி கார்டைச் செருகினாள். பொத்தானை அமுக்கியதும் சின்னத் திரை விழித்துக்கொண்டது.

"தேதி கேக்குது மதர்."

"இன்னைக்கு என்ன நாள்னுகூட அதுக்குத் தெரியாதா? பாவம், சொல்லிக் குடு."

தேதியைப் போட்டாள். நேரத்தைப் போட்டாள். அடுத்து, கார்டில் உள்ளதை எல்லாம் அழித்துவிடவா என்று கேட்டது.

மதர் சிரித்துவிட்டார். "இன்னும் ஒண்ணையுமே பார்க்கலை. அதுக்குள்ள எதை அழிக்கப் போகுது?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே மறுபடியும் அறுக்கத் தொடங்கியிருந்தது. சரி என்று அமுக்கிவிட்டு, ஜன்னலுக்கு ஓடி பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள்.

வெள்ளை வெளேர் என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

"கெட்டுப்போனதை அனுப்பிட்டாங்க போல."

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

உடன் வந்த தாளை விரித்துத் தேடினாள். கண்ணாடி வழியாகப் பார்க்கக் கூடாதாம். பைனாகுலரிலிருந்து போகிற வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்துவிடுமாம். அந்த ஜன்னலோ குரங்குத் தொல்லைக்காகத் திறக்க முடியாதபடி பதித்தது.

ஜெசிந்தா கதவைப் பார்த்தாள். மதரைப் பார்த்தாள்.

"கதவைத் திறந்தாத்தான் தெரியும் மதர்."

"என்னைக் கேட்டா? பார்க்கணும்னு சொன்னது நீ."

தாழ்ப்பாளை நீக்கினாள். குளிர் உள்ளே பாய்ந்தது. மதர் அவளைத் தாண்டிப் போய் வெளிப்படியில் நின்றுகொண்டார்.

இந்த முறை தெரிந்தது. வேலி, கல்தூண், காயப்போட்ட துணி, எல்லாம் சாம்பல் நிறத்தில். பைனாகுலரின் மேலிருந்த திருகைத் திருக, துணியின் கிளிப்புகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஜெசிந்தாவின் மூச்சு கொஞ்சம் சீரானது. வேலியோரமாகப் பார்வையை வலப்பக்கம் ஓட்டினாள். திரும்ப இடப்பக்கம் கொண்டுவந்தாள்.

"ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணுமில்லை."

"நிம்மதியா இருக்கா?"

"இருங்க மதர், அந்தக் கடைசியை இன்னும் பார்க்கலை."

கடைசியில், வேலிக்கு அப்பால், இரண்டு வெள்ளைப் புள்ளிகள் மின்னின.

"கண்ணு! மதர், கண்ணு!"

பெரிதாக்கினாள். கண்களைச் சுற்றி உடம்பு தெரியவில்லை. இன்னும் பெரிதாக்கினாள். படம் ஆடியது. முழங்கையை நிலைச்சட்டத்தில் ஊன்றிக்கொண்டாள். போட்டோ எடுத்தாள். முயலாகவும் இருக்கலாம். மானாகவும் இருக்கலாம். புள்ளிகள் மெல்ல நகர்ந்தன. அவளும் நிலைப்படியைத் தாண்டி ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி.

"ஜெசிந்தா."

"பேசாதீங்க மதர், போயிடும்."

"இவா எங்கே?"

ஜெசிந்தா சடாரென்று திரும்பினாள், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே. பாய் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மங்கலாகப் பூத்துக் கிடந்தது. எல்லாமே புகை. திருகைத் திருகினாள். தெளியவில்லை. வேறு பக்கம் திருகினாள்.

"இவா! இவா!"

அலறிக்கொண்டே குடிலுக்குள் எல்லாம் பைனாகுலராலேயே துழாவினாள்.

மதர் கை நீட்டி அதை அவள் கண்ணிலிருந்து இறக்கினார்.

இவா படியின் விளிம்பில் இருந்தாள். அதற்குமேல் போக முடியாதபடி மதரின் கால் குறுக்கே இருந்தது. அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, இருட்டைப் பார்த்து எச்சில் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா வாரி எடுத்தாள். குழந்தையின் உள்ளங்கைகள் பனியில் சில்லிட்டிருந்தன. முந்தானையால் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அவளுக்காகத்தானே மதர் பார்த்துட்டு நின்னேன்."

மதர் இவாவின் வாயோர எச்சிலைத் துடைத்தார்.

"எப்ப என்னைத் தாண்டிப் போனா?"

"நீ கடைசியைப் பார்த்துட்டு இருந்தப்போ."

வேலிப் பக்கம் சருகு நொறுங்கியது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"உள்ளே போ," என்றார் மதர்.

"நீங்க?"

"எதிர்க் குடில்தானே. உன் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் போறேன்."

ஜெசிந்தா உள்ளே போனாள். கதவைப் பாதி சாத்தி, இடுக்கு வழியாகக் கேட்டாள்.

"மதர், உங்களுக்குப் பயமே இல்லையா?"

"ஏன் இல்லாம? இப்பவே கால் நடுங்குது."

"அப்ப எனக்கும் போகவே போகாதா?"

"எனக்கு இன்னும் போகலை. கதவைச் சாத்திட்டு அந்தப் பயத்தையும் பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்கிடறேன்."

 ஜெசிந்தா குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கதவைத் தோளால் அழுத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.