கைக்கு அடியில் இரண்டு தலையணை

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் நாச்சியார்தான் குரு. சீடர் சுடலைமுத்து அந்த அம்மாளைவிடப் பத்து வயது மூத்தவர். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு வந்து சேர்ந்தவர். பிரஷர் பார்க்க அங்கேதான் கற்றுக்கொண்டார்.

கற்றதில் ஒரு குறை சொல்ல முடியாது. சட்டைத் துணிமேல் பட்டையைச் சுற்ற மாட்டார். கால்மேல் கால் போட்டால் விட மாட்டார். காபி குடித்துவிட்டு வந்தவரை அரை மணி நேரம் உட்கார வைத்துவிடுவார். அவர் தலையைக் கண்டதும் டம்ளரை ஒளித்தவர்கள் உண்டு.

அவர் மனைவி பேச்சியம்மாள் போன மாதம் இறந்துபோனாள். பிரஷர் ஏறி, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து வந்த அன்று, சுடலைமுத்து பிரஷர் பெட்டியைக் கொண்டுவந்து டாக்டரின் மேஜைமேல் வைத்தார்.

“இனிமே இதை நான் தொட மாட்டேம்மா.”

“உக்காருங்க.”

“ஒண்ணு கேக்கணும்.”

“கேக்கலாம். சாஞ்சு உக்காருங்க. பாதம் தரையில இருக்கட்டும்.”

டாக்டர் அவர் கையைப் பிடித்து, நெஞ்சு மட்டத்துக்கு மேஜைமேல் வைத்தார். சுடலைமுத்து பேச வாயைத் திறந்தார்.

“பேசக் கூடாது. அஞ்சு நிமிஷம்.”

பாதியில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் தேற்றவில்லை. அழுது ஓய்ந்ததும், மறுபடியும் முதலிலிருந்து ஐந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு பட்டையைச் சுற்றிப் பார்த்தார். சற்று விட்டு இன்னொரு முறை பார்த்தார். அளவைச் சொல்லவில்லை.

“இப்போ கேளுங்க.”

“பேச்சியோட அம்மா பிரஷருன்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ, திரும்பி வரல. அதனால பட்டையை எடுத்தாலே பேச்சிக்கு முகம் செத்துப்போகும். ஒரு நாள் பாக்கேன், நூத்தி எழுவது. அவ என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கா. கைக்கு அடியில ஒரு தலையணை வச்சேன்.”

“எதுக்கு?”

“கை நெஞ்சுக்கு மேல போனா அளவு குறைச்சுக் காட்டும். நீங்க சொல்லித் தந்ததுதான். ஒண்ணு பத்தல. இன்னொண்ணு வச்சேன். நூத்தி அம்பதுக்கு வந்துச்சு. மிச்சத்தை வாயால குறைச்சேன். நூத்தி முப்பதுன்னு சொன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“‘அப்போ மாத்திரை வேண்டாம்லா?’ன்னு சிரிச்சா. வேண்டாம்னு நான் சொல்லல. வேணும்னும் சொல்லல.”

அந்தச் சிரிப்புக்காக வாராவாரம் தலையணை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் சரியாகப் பார்த்த மனுஷன். என்னத்தைச் சொல்ல.

வெளியே யாரோ டோக்கன் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்து குரலைத் தாழ்த்தினார்.

“நான் உள்ளதைச் சொல்லியிருந்தா அவ பொழைச்சிருப்பாளா? அது மட்டும் தெரிஞ்சா போதும்மா.”

டாக்டர் நாச்சியார் எழுந்து போனார். நோயாளிகளைப் படுக்கவைத்துப் பார்க்கும் கட்டிலிலிருந்து தலையணையை எடுத்துவந்து, மேஜைமேல் கிடந்த அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“உள்ளபடி சொல்லட்டுமா, இல்ல, இதை வச்சுச் சொல்லட்டுமா?”

சுடலைமுத்து தலையணையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கையை எடுக்கவில்லை.