கரிப்பூதத்தின் மாப்பிள்ளை

ஒரு காட்டில் மண்ணுக்கு மேலே இருந்த ஊரைவிட மண்ணுக்குக் கீழே இருந்த ஊர் பெரியது. அங்கே ஒரு நிலக்கரிச் சுரங்கம் நடந்துவந்தது. உடம்பெல்லாம் செதில் மூடிய அழுங்கும் முள்ளம்பன்றியும் எலிகளும் பெருச்சாளிகளும் காலையில் பளிச்சென்று இறங்கிப் போகும். மாலையில் எது மூக்கு, எது முகம் என்று தெரியாதபடி கறுத்து ஏறி வரும். அவை வெட்டி எடுத்த கரிதான் குளிர்காலத்தில் எல்லா வளைகளையும் சூடாக வைத்தது.

அந்தச் சுரங்கத்தில் மொந்தன் என்று ஒரு பெருச்சாளி வேலை பார்த்தான். கூரை தட்டிப் பார்ப்பது அவன் வேலை. காலையில் எல்லோருக்கும் முன்னால் தனியாக உள்ளே போய், கம்பால் கூரையைத் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் நல்ல கூரை. பொத்தென்று கேட்டால் விழப்போகிற கூரை. பகலிலும் ஒவ்வொரு சுரங்கவழியாகப் போய்த் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பொறுப்பான வேலைதான். ஆனால் மொந்தனுக்கு உடம்பு முழுக்க வயிறு, மிச்சமெல்லாம் தூக்கம்.

குழந்தைகளே, சுரங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கரிச்சுவரைத் தாண்டிக் குரல் போகாது, தட்டும் ஓசை மட்டும் போகும். அதனால் எங்கிருந்தாவது மூன்று தட்டு கேட்டால், கேட்டவர் பதிலுக்கு மூன்று தட்டு தட்ட வேண்டும். "இருக்கிறேன், வருகிறேன்" என்று அதற்குப் பொருள். உடனே கடப்பாரையை எடுத்து அந்தப் பக்கம் தோண்ட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டது யார் என்று யோசிக்கக் கூடாது. முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வளைக்காரனாக இருந்தாலும் தோண்டத்தான் வேண்டும்.

ஒரு நாள் மொந்தன், யாரும் போகாத பழைய சுரங்கவழி ஒன்றில் புகுந்து படுத்துவிட்டான். சுகமான தூக்கம். கனவில் ஒரு பலாப்பழம் உருண்டு ஓட, அவன் துரத்திக்கொண்டு ஓடினான். ஓடிய வேகத்தில் கையிலிருந்த கம்பு சுவரில் டொக், டொக், டொக் என்று மோதியது.

சுவருக்கு மறுபக்கம் கரி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் உடனே திருப்பித் தட்டினார்கள். கடப்பாரை இறங்கும் அதிர்வில் மொந்தன் விழித்துக்கொண்டான். சுவர் உடைந்தால் வேலை நேரத்தில் தூங்கினவன் பல்லை இளித்துக்கொண்டு நிற்க வேண்டும். சுற்றுவழியாக ஓடிப்போய், மூச்சிரைக்க அவர்கள் முன்னால் நின்றான்.

"நிறுத்துங்க, தோண்டாதீங்க. அது ஆளு இல்ல. கரிப்பூதம்."

தலைவர் செதிலாண்டி ஓர் அழுங்கு. பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுவிடுவார். இப்போதும் சுருண்டார். அதற்கு என்ன வேண்டுமாம் என்று பந்துக்குள்ளிருந்து கேட்டார்.

மொந்தன் சுவரில் காதை வைத்தான். காட்டிலேயே நல்ல காது என்று பேர் வாங்கிய காது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பசிக்குதாம். வேர்க்கடலையும் வெல்லமும் வெச்சுட்டுப் போகணுமாம். பதிலுக்குத் தட்டினா அதுக்குக் கோபம் வருமாம்."

அன்று சாயங்காலமே சுவரடியில் படையல் வைத்தார்கள். மறுநாள் காலை தனியாக உள்ளே போன மொந்தன், கூரையைத் தட்டினானோ இல்லையோ, வயிற்றைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான். காலியான இலையைப் பார்த்த முள்ளம்பன்றி கூரம்மாள் கண் கலங்கினாள். எதையும் முதல் ஆளாக நம்புகிறவள் அவள்தான். நாம் வைத்ததைப் பூதம் ஒரு கடலைகூட விடாமல் சாப்பிட்டது என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லி மாய்ந்தாள்.

பிறகென்ன, பூதத்துக்கு வாய் நீண்டது. ஒரு நாள் அதிரசம் கேட்டது. ஒரு நாள் அவித்த வள்ளிக்கிழங்கு கேட்டது. சுண்டலில் காரம் கொஞ்சம் தூக்கல் என்று குறைகூடச் சொல்லி அனுப்பியது. மொந்தன் பழைய வழியில் படுத்துக்கொண்டு தட்டுவான், சுற்றி ஓடி வந்து பொருள் சொல்வான், மறுநாள் தின்பான். அவன் மனைவி வெடுக்காச்சி மட்டும், இவன் வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லையே, உடம்புக்கு என்னவோ என்று கவலைப்பட்டாள்.

ஊரில் உள்ள கூரையெல்லாம் தட்டிப் பார்க்கிறவன், தான் படுக்கும் இடத்தின் கூரையை ஒரு நாளும் தட்டிப் பார்க்கவில்லை. ஒரு நாள் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது அது பொலபொலவென்று சரிந்து, வந்த வழியை அடைத்துக்கொண்டது.

மொந்தன் துள்ளி எழுந்தான். கத்திப் பார்த்தான். குரல் அந்தக் குழிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. நல்லவேளையாகக் கம்பு கையில் இருந்தது. சுவரில் டொக், டொக், டொக் என்று தட்டினான். இதோ பதில் வந்துவிடும் என்று காதை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

பதில் வரவில்லை. அந்தப் பக்கம் கூரம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

உயிர் பயத்தில் அவன் விடாமல் தட்டினான். பூதம் இன்று ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது என்று இரண்டு பங்கு அதிரசம் வந்தது. பொருள் சொல்ல மொந்தனைத் தேடினார்கள். வளையிலும் இல்லை, வாய்க்கால் பக்கமும் இல்லை. ஆளையும் காணோம், தட்டும் நிற்கவில்லை. செதிலாண்டி பாதி சுருண்டபடி யோசித்தார். கூரம்மாள் யோசிக்காமலே கண்டுபிடித்துவிட்டாள்.

"பூதத்துக்கு ஒரு பொண்ணு இருந்திருக்கு. நம்ம மொந்தனை மாப்பிள்ளையா எடுத்துக்கிட்டாங்க. கேக்குதா பாருங்க, கெட்டிமேளம்."

ஊரே பூரித்துப்போயிற்று. நம்ம பயலுக்கு எவ்வளவு பெரிய இடம் வாய்த்திருக்கிறது பார் என்றார்கள். எலிகள் தவிலைத் தூக்கிக்கொண்டு வந்தன. உள்ளே டொக் டொக் என்றால் வெளியே டும் டும் என்றது. மொந்தன் தட்டத் தட்ட, அவர்கள் கொட்டி முழக்கினார்கள். அவனுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. பதிலுக்குத் தட்டாதீர்கள் என்று சொன்ன தன் வாயைத் தானே நொந்துகொண்டு, சுவரில் தலை சாய்த்து அழுதான். வெடுக்காச்சியை இனிப் பார்க்கவே முடியாதோ என்று நினைத்தபோது அழுகை இன்னும் பெரிதாக வந்தது.

செய்தி வெடுக்காச்சிக்கு எட்டியது. அடுப்பில் இருந்த சட்டியைக்கூட இறக்காமல், கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அவள் சுரங்கத்துக்குள் இறங்கினாள். தவிலைத் தள்ளிவிட்டு, அதிரசத்தை மிதித்துக்கொண்டு, சுவர் முன்னால் போய் நின்றாள். தோண்டினால் பூதம் கோபித்துக்கொள்ளும் என்று செதிலாண்டி எச்சரித்தார்.

"அது கோபப்பட்டா படட்டும். எனக்கு வந்திருக்கிற கோபத்தை முதல்ல பாக்கட்டும். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில என் புருஷனுக்கு இன்னொரு கல்யாணமா? எங்கடி இருக்க, வெளிய வா."

அவள் இடித்த இடியில் கரி பறந்தது. ஒரு கூட்டமே நாள் முழுக்க வெட்டுகிற கரியை அவள் ஒருத்தியே வெட்டித் தள்ளினாள். சுவரில் ஓட்டை விழுந்தது. அதன் வழியாக ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அவள் அதைப் பிடித்து இழுக்க, பின்னாலேயே மொந்தன் முழுசாக வந்து விழுந்தான்.

"எங்க அவ?"

"யாரு?"

"பூதத்து மக."

மொந்தனுக்குப் பொய் சொல்லப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வெடுக்காச்சியின் முகத்துக் கரியில் கண்ணீர் வழிந்த கோடு தெரிந்தது. அவனால் முடியவில்லை.

"மகளும் இல்ல, பூதமும் இல்ல. அன்னைக்குத் தட்டினதும் நான்தான், இன்னைக்குத் தட்டினதும் நான்தான். இத்தனை நாளும் தின்னது நான்தான்."

அவள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மொந்தன் எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பூதம் கீதம் எதுவும் கிடையாது, இனிமேல் தட்டு கேட்டால் முன்பு போலவே ஓடி வந்து தோண்டுங்கள் என்று கெஞ்சினான்.

கூரம்மாள் அவனை இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாவம், பொண்டாட்டிக்குப் பயந்து மாமனாரையே இல்லைங்கிறான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். அன்று மாலையும் படையல் வைத்தார்கள். மறுநாள் மொந்தன் அதைத் தொடவில்லை. பூதம் சாப்பிடவில்லையே, கோபம் போலிருக்கிறது என்று கூரம்மாள் இன்னும் நாலு அதிரசம் சேர்த்து வைத்தாள்.

அந்தச் சுரங்கத்தில் இப்போதும் மூன்று தட்டு கேட்டால், கடப்பாரையோடு ஓடி வருவது மொந்தனும் வெடுக்காச்சியும்தான். மற்றவர்கள் அதிரசத்தோடு வருகிறார்கள்.

நீதி: அவிழ்த்துவிட்ட பொய், விட்டவனே கூப்பிட்டாலும் திரும்பி வராது.