ஸ்விட்சில் இருந்த ஒரே பெயர்

"அந்தப் பொண்ணுக்குக் குடுத்தீங்க. எனக்கு ஏன் இல்ல?"

தணிகாசலம் இதே கேள்வியோடு வருவது இரண்டாம் முறை. சேலத்து ஆஸ்பத்திரி ஒன்றின் நெட்வொர்க் அறையில் அவருக்குப் பதினோரு வருட சர்வீஸ். தலைமைப் பொறியாளர் புனிதவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் தொழிலில் தணிகாசலத்துக்கு அவர்தான் குரு.

"ஷமீனாவுக்கா?"

"வந்து ஆறு மாசம்கூட ஆகல மேடம். மெயின் ஸ்விட்சுக்கு அட்மின் உரிமை!"

ஆஸ்பத்திரியின் அத்தனை கம்ப்யூட்டர்களும் அந்த ஸ்விட்சில்தான் கோத்திருந்தன. அதில் அட்மினாக நுழைந்தவர் நினைத்தால் ஐசியூ திரைகூட அணைந்துபோகும். அந்த உரிமை ஷமீனாவுக்குக் கிடைத்த நாளிலிருந்து தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டாலே வயிறு எரிந்தது.

"வெள்ளிக்கிழமை நாப்பது நிமிஷம் வேணும்னு கேட்டா. குடுத்தேன். வேலை முடிஞ்சுது, உரிமையும் போச்சு. உங்களுக்கு எத்தனை நிமிஷம் வேணும்?"

"நிமிஷமா? எனக்கு நிரந்தரமா வேணும்."

"என்ன வேலைக்கு?"

தணிகாசலத்துக்கு அதில் வேலை ஒன்றும் இல்லை. அவளுக்குக் கிடைத்ததே, அது போதாதா?

"என்மேல நம்பிக்கை இல்லைன்னு நேரா சொல்லிடுங்க மேடம்."

புனிதவல்லி ஒரு தாளை எடுத்து நீட்டினார். திங்கட்கிழமை மாலை ஸ்விட்சிலிருந்து எடுத்த நிரந்தர அட்மின்களின் பட்டியல்.

தணிகாசலம் முதலில் ஷமீனாவைத் தேடினார். இல்லை. புனிதவல்லியின் பெயரும் இல்லை; அவரும் வேலை வரும்போது மட்டும்தான் உரிமை எடுத்துக்கொள்வார்.

ஒரே ஒரு பெயர். தணிகாசலம்.

அவருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "எனக்கா! எப்போலேருந்து?"

"ஒம்பது வருஷமா. ஸ்விட்ச் மாட்டினப்ப ஒரு நாள் வேலைக்குன்னு நீங்களே போட்டுக்கிட்டது. ஆஸ்பத்திரி பேரும் ஒண்ணு ரெண்டு மூணும்தான் பாஸ்வேர்டு. எடுக்க மறந்துட்டீங்க."

"மறந்தே போச்சு மேடம்! பாத்தீங்களா, அந்தக் காலத்துலயே என்னை நம்பி..."

"திங்கட்கிழமை ஸ்கேன் பிரிவு அரைமணி நேரம் செத்துக் கெடந்துதே, ஞாபகம் இருக்கா? வெளியாள் ஒருத்தன் எங்கிருந்தோ ஸ்விட்சுக்குள்ள நுழைஞ்சுட்டான். இந்தப் பேர்லதான் நுழைஞ்சான். அன்னிக்கே அழிச்சுட்டேன்."

தணிகாசலம் தாளை மேசையில் வைத்தார்.

"அப்போ... நான்தான்னு நீங்க சந்தேகப்படலையா?"

"இல்ல."

"ஏன் மேடம்?"

"அவன் நுழைஞ்சது பதினொண்ணே கால் மணிக்கு. அந்நேரம் நீங்க இதே நாற்காலியில உக்காந்து, ஷமீனாவைப் பத்திப் புகார் சொல்லிட்டு இருந்தீங்க."