நாலு பேர் ஆட்டம்

மலைமேல் இருந்த அந்தத் தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிலம்பாயி ஒருத்திதான் படித்தாள். மற்ற பிள்ளைகள் பெற்றோரோடு பிழைப்புக்காகத் திருப்பூர் போய்விட்டார்கள்.

ஆண்டு இறுதிச் செயல்பாடுகளைப் பார்க்க ஜீப்பில் வந்த அதிகாரி முகத்தைச் சுளித்தார். "உத்தரவுப்படி குழு விளையாட்டுக்கு நாலு பேர் வேணும். நடக்கலேன்னு எழுதிடறேன். பள்ளிக்கூடத்தை மூடட்டும்."

டீச்சர் ஆட்டத்துக்காக எடுத்து வைத்திருந்த சொல் அட்டைகளைத் திரும்பப் பெட்டியில் போடத் தொடங்கினார்.

"சார், நாலு பேரும் பிள்ளைங்களாத்தான் இருக்கணும்னு போட்டிருக்கா?" என்றாள் சிலம்பாயி.

அவர் உத்தரவைப் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு வரி இல்லை.

"அப்போ நீங்க, டீச்சர், டிரைவர் அண்ணன், நான். உட்காருங்க சார்."

சொல் அட்டை ஆட்டத்தில் அதிகாரி டிரைவரிடம் தோற்றார். தானே ஆடியதை நடக்கவில்லை என்று எப்படி எழுதுவார்? கையெழுத்துப் போட்டார்.

ஜீப் போனது. டீச்சர் பதிவேடு எழுத உள்ளே போனார். சிலம்பாயி அட்டைகளை மறுபடியும் நாலு பேருக்குப் பிரித்து வைத்துவிட்டு, தன் முறைக்காகக் காத்திருந்தாள்.